சொல்லிவிட்டு ஏறு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தானும் சௌக்கியமா? உன் மகள் சுண்டெலிக்குப் பல் விழுந்தது என்று நீ எழுதியதுதான் கடைசிக் கடிதம். அதற்கு நான் பதில் போடவில்லை. இந்நேரம் புதுப் பல் முளைத்து அதுவும் பழசாகியிருக்கும். திட்டுவதாக இருந்தால் முதல் பத்தியிலேயே திட்டிவிட்டு அப்புறம் மற்றதை எழுது.

நான் அதே பொம்மைக் கம்பெனியில்தான் இருக்கிறேன். பெட்டிகளுக்குப் படம் வரைகிறேன். மூன்றாவது தளம், ஜன்னலோர மேசை. பக்கத்து மேசைக்காரர் நாள் முழுவதும் பென்சில் சீவுகிறார். அவர் எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சின்ன விஷயம், சும்மாதான் கேட்கிறேன். அப்பா பட்டறையில் நாம் ஆடுவோமே, மாடி ஆட்டம், அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஐந்துக்கு ஐந்து கட்டம். உனக்கு இரும்பு வாஷர், எனக்குப் பித்தளை. ஒரு முறைக்கு ஒரு வாஷரைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தலாம். அங்கே வேறு வாஷர் இருந்தால் அதன் மேலேயே ஏறி உட்காரலாம். யாருடையது உச்சியில் இருக்கிறதோ அவருக்கே அந்த மாடி சொந்தம். அடியில் மாட்டிக்கொண்டதெல்லாம் அசையக்கூடாது. சரியாக ஐந்து வாஷர் உயரத்துக்குக் கட்டி, அடுத்த முறை வரும்வரை அது கலையாமல் நின்றால் ஜெயித்தாயிற்று. இவ்வளவுதானே?

ஆனால் பென்சில் சீவுகிறவரோடு இரண்டு நாளாக ஆடிப் பார்க்கிறேன், முடியவே மாட்டேன் என்கிறது. நான் ஐந்து கட்டினால் அவர் உடனே மேலே ஏறி ஆறாக்கிவிடுகிறார். அவர் கட்டினால் நானும் அதையே செய்கிறேன். இறங்கினால் ஐந்து, ஏறினால் ஆறு. நாம் ஆடும்போது அரை மணியில் முடிந்துவிடுமே! நீ "ஏறப்போறேன்டா, ஏறப்போறேன்"னு மிரட்டிக்கொண்டே இருப்பாய், கடைசியில் நான்தான் ஜெயிப்பேன். எதையோ மறந்திருக்கிறேன். எது என்று சொல்.

போன் செய்து பார்த்தேன், நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். சுண்டெலிக்கு என் பெயரைச் சொல்லி ஒரு குட்டு வை.

உன் வாலு


மார்ச் 19

தம்பி வாலுக்கு,

இங்கே மூவரும் நின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீ சாப்பிடுகிறாயா, இல்லை பென்சில் சீவலைத் தின்கிறாயா? திட்டுவதற்கு முதல் பத்தி போதாது. அதனால் விட்டுவிட்டேன்.

நம்பர் மாறவில்லை. போனை நான்தான் எடுப்பதில்லை. எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. முப்பது வருஷம் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்தால் காது என்ன, கழுத்தே போனாலும் கேட்க முடியாது என்கிறார் உன் அத்தான். அவர் மட்டும் என்ன, பஸ்ஸில் நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ"ன்னு கத்திவிட்டு வந்து, வீட்டில் தூக்கத்திலும் அதையே சொல்கிறார். நான் எங்கே போவது? அதனால் எழுது, எழுத்துதான் எனக்குக் கேட்கும்.

பட்டறை அப்பா விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்ட ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். பம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்கிறார்கள். "வெளியே போயிருக்கார், நீங்க வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு நானே பிரித்து மாட்டிவிடுகிறேன்.

மாடி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதாவா? நல்ல கேள்வி. அது எனக்கு மறந்தால் என் பெயரும் மறந்துபோகும். ஆனால் நீ மறந்ததை நான் இப்போதே சொல்லமாட்டேன், ஆடிப் பார். நடுக்கட்டத்தில் நான்கு மாடி நிற்கிறது என்று வை. உச்சியில் என் இரும்பு. அதற்கு வலது பக்கக் கட்டத்திலும் மேல் பக்கக் கட்டத்திலும் உன் பித்தளை ஒவ்வொன்று. இடது பக்கக் கட்டத்திலும் கீழ்ப் பக்கக் கட்டத்திலும் என் இரும்பு ஒவ்வொன்று. உன் முறை.

ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு உனக்கு? சும்மா கேட்கிற ஆள் இல்லையே நீ.

பழையபடி, பட்டினி கிடக்காதே.

அக்கா


மார்ச் 26
(எழுதி, அனுப்பாமல், மேசை இழுப்பறையில் வைத்தது)

அக்கா,

நலமெல்லாம் விசாரிக்கிற நிலையில் இல்லை. நீ "எதற்கு" என்று கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எங்கள் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, "புதுசா ஒரு ஆட்டம் வேணும், யார்கிட்டயாவது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். நான் ஒரு அட்டையில் ஐந்துக்கு ஐந்து கோடு போட்டேன், பக்கத்து மேசையிலிருந்து நாணயங்களை வாங்கி அடுக்கிக் காட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். "இதை எங்கேய்யா பிடிச்சே?" என்றார். "சின்ன வயசுல நானே உண்டாக்கினது சார்" என்றேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. "நானும் எங்க அக்காவும்" என்று சொல்ல இன்னும் இரண்டு வார்த்தை போதும். "எங்க அக்கா" என்று மட்டும் சொன்னால் இன்னும் குறைவு. சொல்லவில்லை.

இப்போது அது 'சிகரம்' என்ற பெயரில் பெட்டியில் வருகிறது. மரத்தில் கடைந்த வில்லைகள், மடிக்கிற பலகை. பெட்டியின் பின்பக்கம் "உருவாக்கியவர்" என்று போட்டு என் பெயர். சத்தியமாகச் சொல்கிறேன், அதை முதலில் அச்சில் பார்த்தபோது உன் ஞாபகம் வரவே இல்லை. எனக்கே என் மேல் பிரியம் பொங்கியது. உன் ஞாபகம் மறுநாள் வந்தது. அன்றிலிருந்து போகவில்லை.

ஜனவரியிலிருந்து புகார்கள் வருகின்றன. ஆட்டம் முடிவதில்லையாம். ஒரு சின்னப் பெண், "மூன்று நாளாக ஆடுகிறோம், யாருமே ஜெயிக்கவில்லை, உருவாக்கியவரைக் கேட்டுச் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறாளாம். மேலாளர் அதைப் படித்துக்காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். உருவாக்கியவர் விழித்தேன். உருவாக்கியவரைக் கேட்டுச் சொல்லத்தான் உனக்கு எழுதினேன்.

இதை உனக்கு அனுப்பிவிட்டால் நிம்மதி. ஆனால் அனுப்பினால் நீ அந்த விதியைச் சொல்லாமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. என் யோக்கியதையைப் பார்த்தாயா?

(இதற்கு மேல் எழுதவில்லை.)


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் காதுக்கு ஒரு நல்ல மருத்துவரைப் பார்க்கக் கூடாதா? வலது காதையாவது பத்திரமாக வைத்துக்கொள். அத்தானைத் திட்டும்போது அவர் பதில் சொல்வது கேட்க வேண்டாமா?

எதற்குக் கேட்கிறேன் என்கிறாய். வயசாகிறது, பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது, வேறென்ன? பென்சில் சீவுகிறவரிடம் தோற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இதோ என் ஆட்டம். வலது பக்கத்துப் பித்தளை நடுக்கட்டத்தில் ஏறுகிறது. ஐந்து மாடி ஆகிவிட்டது. உச்சியில் நான். என்ன செய்யப்போகிறாய் பார்க்கிறேன்! சீக்கிரம் எழுது, இந்த முறை தாமதிக்காதே.

உன் வாலு


ஏப்ரல் 15

தம்பிக்கு,

எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடி நன்றாக இருக்கிறோம். சுண்டெலிக்குப் பள்ளி விடுமுறை. அதனால் பட்டறையில் ஒரு ஸ்பேனர்கூட வைத்த இடத்தில் இல்லை. நீ இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. கையெழுத்து ஒல்லியாகிவிட்டது.

சீக்கிரம் எழுது என்றாய். மாடி ஆட்டத்துக்கு அவசரப்படுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். உன் கடிதத்துக்கு ஆறு வருஷம் காத்திருந்த எனக்கு மூன்று வாரம் எந்த மூலைக்கு?

உன் பித்தளை உச்சியில் இருக்கிறது, பார்த்தேன். என் முறையில் நான் செய்வது இது: ஏறப்போகிறேன்.

அவ்வளவுதான் என் ஆட்டம். உன் முறை.

உன் கம்பெனியைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதேன். என்ன பெட்டி வரைகிறாய்? எது நன்றாக விற்கிறது? உன் கையால் வரைந்தது ஏதாவது நம் ஊர்க் கடைக்கு வந்தால் சுண்டெலியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், பரம நலம். ஏனென்றால் நான் ஜெயித்துவிட்டேன்! நீ ஏறுவதற்குப் பதிலாக ஏறப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு முறையை வீணாக்கிவிட்டாய். என் ஐந்து மாடி கலையாமல் நின்றது. அந்த நாளிலிருந்து நீ மாறவே இல்லை. மிரட்டல் மட்டும்தான், காரியம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பெனியில் பெரிதாக ஒன்றும் இல்லை. தாயக்கட்டைப் பெட்டி, படப்புதிர்ப் பெட்டி, எல்லாம் பழைய சரக்குதான். உன் ஊர்வரைக்கும் வராது.

ஆனால் அக்கா, நான் மறந்தது எது என்று நீ இன்னும் சொல்லவில்லையே. இந்தக் கடிதத்துக்குப் பதிலிலாவது சொல்லிவிடு.

உன் வாலு


மே 10

தம்பி வாலுக்கு,

உடம்பெல்லாம் நன்றாகவே இருக்கிறது. மனசைக் கேட்காதே.

ஜெயித்ததற்கு வாழ்த்து. உன் பித்தளைக்குப் பக்கத்திலேயே என் இரும்பு இரண்டு இருந்தது. ஒரே எட்டு வைத்து ஏறி ஆறாக்கியிருக்கலாம். அக்கா ஏன் உடனே ஏறவில்லை என்று உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, இல்லையா? அன்றைக்கும் தோன்றவில்லை.

நீ மறந்த விதி அதுதான். மறந்தாய் என்றுகூடச் சொல்லமாட்டேன், உனக்கு அது தெரியவே தெரியாது. அடுத்தவர் மாடியில் ஏற வேண்டுமானால், ஒரு முறை முன்னாலேயே சொல்ல வேண்டும். "ஏறப்போறேன்." அப்படிச் சொல்வதே உன் முறை, அந்த முறையில் வேறு எதையும் நகர்த்த முடியாது. சொன்ன பிறகு எதிராளிக்கு ஒரு முறை கிடைக்கும். அதில் அவர் தன் வாஷரை இறக்கி வேறு கட்டத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். மார்ச்சில் நீ சொல்லிவிட்டு ஏறியிருந்தால் நான் என் இரும்பை இறக்கியிருப்பேன், உனக்கு நாலு மாடிதான் கிடைத்திருக்கும். இந்த விதி இல்லாவிட்டால் ஆட்டம் முடியாதுடா. யார் கட்டினாலும் அடுத்தவர் சும்மா ஏறிக் கெடுத்துவிட்டுப் போவார்.

உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்றால், அந்தத் தப்பு என்னுடையது. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஐந்து. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். அப்பா காயில் கட்டிக்கொண்டிருப்பார். நீ ஓடி ஓடிப் போய்ச் சாணைக்கல்லில் கையை வைப்பாய். உன்னை ஒரு இடத்தில் உட்காரவைக்கத்தான் வாஷர்களைப் பொறுக்கி, காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டு, இந்த ஆட்டத்தை உண்டாக்கினேன். நாலு நாளில் விதியெல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனால் "சொல்லிவிட்டு ஏறு" என்றதும் நீ அழுதாய். "நான் சொன்னா நீ ஓடிப்போயிடுவே"ன்னு தரையில் புரண்டாய். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "சரிடா, நீ சின்னவன், நீ சொல்ல வேணாம், நான் மட்டும் சொல்றேன்" என்றேன்.

அப்புறம் நீ பெரியவனாகியும் அந்தச் சலுகையை நான் எடுக்கவில்லை. எத்தனையோ தடவை எடுக்க நினைத்தேன். நீ ஜெயித்துவிட்டுக் கையைத் தட்டுவதைப் பார்த்தால் மனசு வராது. இப்போது யோசித்தால், பத்து வயதிலாவது எடுத்திருக்க வேண்டும். உனக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ஒருவருக்குச் சலுகை இருந்தால் ஆட்டம் எப்படியோ முடிந்துவிடும், சலுகை உள்ளவர் ஜெயிப்பார். இரண்டு பேருமே சொல்லாமல் ஏறுகிறவர்களாக இருந்தால்தான் முடிவே கிடையாது. பென்சில்காரருக்கும் உனக்கும் நடந்தது அதுதான்.

கேட்டதைச் சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத ஏழு வாரமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைதான் கழுத்தை நெரிக்கிறது. அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? மழை ஆரம்பித்திருக்கும், பட்டறைக்குள் தண்ணீர் வருகிறதா? அந்தப் பின்பக்கக் கதவுக்கு அடியில் ஒரு பலகையை வை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். "ஏறப்போறேன்" என்று நீ சொன்னதெல்லாம் உன் வாய்ப்பழக்கம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது விதி என்று தெரியாது. உண்மையாகவே தெரியாது அக்கா.

ஒரே ஒரு சந்தேகம். "ஏறப்போகிறேன்" என்று சொன்னவர், அடுத்த முறையில் மனசு மாறி ஏறாமல் விட்டால் என்ன ஆகும்? விடலாமா, கட்டாயம் ஏற வேண்டுமா? சொன்னது அதற்கு அடுத்த முறைக்கும் செல்லுமா, இல்லை மறுபடி சொல்ல வேண்டுமா? இதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிடு.

உன் வாலு


ஜூலை 9

தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம். பலகை வைத்தாயிற்று.

ஏறாமல் விடலாம், தப்பில்லை. ஆனால் சொன்னது ஒரு முறைக்குத்தான் செல்லும். மறுபடி ஏற வேண்டுமானால் மறுபடி சொல்ல வேண்டும்.

இவ்வளவு சுத்தமாகக் கேட்கிறாயே, எங்கேயாவது எழுதிவைக்கப் போகிறாயா? சும்மா கேட்டேன். நானும் உன்னைப்போல் சும்மா கேட்கக் கற்றுக்கொண்டேன்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா, வாலு? இருந்தால் இப்போது எழுது. நான் தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். அதை மட்டும் எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இதோடு ஒரு பழைய கடிதம் இருக்கிறது. மார்ச் மாதமே எழுதியது. ஆறு மாதமாக என் இழுப்பறையில் கிடந்தது. முதலில் அதைப் படித்துவிடு. பிறகு இதைப் படி.

படித்துவிட்டாயா? இன்னும் இருக்கிறது. நீ மே மாதம் சொன்ன விதியை, அந்த வாரமே மேலாளரிடம் கொடுத்தேன். அவர் முதுகில் தட்டினார். "அப்படிப் போடுய்யா, இதுதான் ஆட்டத்தோட உயிரே" என்றார். ஜூனில் நான் கேட்ட சந்தேகம் என்னுடையது இல்லை, அச்சுக்கு முன்னால் விதித்தாளைத் திருத்துகிறவர் கேட்டது. புதுப் பெட்டிகள் போன வாரம் வந்துவிட்டன. ஏழாவது விதி: "அடுத்தவர் மாடியில் ஏறுமுன் அறிவிக்க வேண்டும்." பின்பக்கம் அதே "உருவாக்கியவர்", அதே என் பெயர்.

ஜூலையில் நீ "சொல்ல இருக்கிறதா" என்று கேட்டபோது அச்சு ஆரம்பிக்கவில்லை. இரண்டு வாரம் இருந்தது. அப்போது போய் நின்றிருந்தால் பெயரை மாற்றியிருப்பார்கள். போகவில்லை. பெட்டி வந்த பிறகு போனேன். "எங்க அக்கா உண்டாக்கினது சார்" என்றேன். அன்று வராத வார்த்தை இப்போது வந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா? முதல்ல இது வித்து முடியட்டும், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். அடுத்த தடவை எப்போது என்று தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

வாலு


அக்டோபர் 2

தம்பிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. உடம்பு பரவாயில்லை.

எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்தே தெரியும். பள்ளியில் சுண்டெலி படம் வரைந்ததற்கு அந்தப் பெட்டியைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, இது நம்ம மாடி ஆட்டம்!"னு கத்திக்கொண்டு வந்தாள். அவளுக்கும் நான் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெட்டியின் படத்தைப் பார்த்ததும் உன் கை என்று தெரிந்துவிட்டது. திருப்பினேன், உன் பெயர். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பட்டறையில் இருந்த எல்லோரிடமும் காட்டினேன். அப்புறம்தான் இன்னொரு பெயரைத் தேடினேன். பெட்டியின் நாலு பக்கமும் பார்த்தேன். உள்ளே இருந்த தாளைப் பார்த்தேன். மூடியின் உட்பக்கம்கூடப் பார்த்தேன். அத்தான், "என்ன தேடுறே?"ன்னு கேட்டார். "ஒண்ணுமில்லை, விலை" என்று பொய் சொன்னேன்.

பெட்டியில் போட்டிருந்த விதிப்படி நானும் சுண்டெலியும் மூன்று நாள் ஆடினோம். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எனக்குத்தான் தெரியுமே. அவளை உட்காரவைத்து, "உருவாக்கியவரைக் கேட்டுச் சொல்லவும்"னு கம்பெனிக்கு எழுதச் சொன்னேன். ஆமாம், உன் மேலாளர் படித்துக்காட்டிய அந்தச் சின்னப் பெண் உன் மருமகள்தான்.

அதைக் கோபத்தில் செய்யவில்லை. உன் மேல் ஏறுவதற்கு முன்னால் உனக்குச் சொன்னேன், அவ்வளவுதான். எனக்கு வேறு மாதிரி ஆடத் தெரியாது. நீ என்னிடம் வருவாய், வந்து சொல்வாய் என்று நினைத்தேன். வந்தாய். மார்ச்சில் "எதற்கு" என்று கேட்டேன். ஏப்ரலில் உன் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். மே மாதம் கேட்டேன். ஜூலையில் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எத்தனை முறைதான் ஒருவருக்குத் தருவது?

எனக்குப் பங்கு வேண்டாம், பெட்டியில் பெயரும் வேண்டாம். மெக்கானிக் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான். ஆனால் நீ அப்படிச் சொல்வாய் என்று நினைக்கவில்லை. அதுதான் வலிக்கிறது. மிகவும் வலிக்கிறது.

கண் கெட்ட பிறகு சூரியனைக் கும்பிட்டு என்ன பயன்? சொல்லிவிட்டு ஏற வேண்டும். ஏறிவிட்டுச் சொல்வதற்கு நம் ஆட்டத்தில் விதி கிடையாது.

சுண்டெலியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுக்கு நீ இன்னமும் பெட்டியில் பெயர் வந்த மாமாதான். அதை நான் கெடுக்கமாட்டேன்.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இப்போது எல்லோரும் சாப்பாட்டு வேளையில் புது விதிப்படி ஆடுகிறார்கள். மூன்றாவது தளம் முழுக்க "ஏறப்போறேன், ஏறப்போறேன்" என்ற சத்தம்தான். என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஒன்று செய்ய ஆசைப்படுகிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு உன் வீட்டுக்கு வரப்போகிறேன். அத்தானையும் சுண்டெலியையும் பார்க்க வேண்டும், உன் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும். முன்பு என்றால் திடுதிப்பென்று வந்து கதவைத் தட்டியிருப்பேன். நீயும் திறந்திருப்பாய். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்கிறேன். ஆறு வாரம் இருக்கிறது.

உன் முறை, அக்கா.

வாலு


நவம்பர் 5

தம்பி வாலுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடாதே, போகிற வருகிற தூசியெல்லாம் தட்டில் விழும்.

வரப்போகிறேன் என்று சொன்னாய். பிறந்ததிலிருந்து நீ என்னிடம் முன்னால் சொல்லிவிட்டுச் செய்யப்போகிற முதல் காரியம் இதுதான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். காயில் கட்டுகிற பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சொன்னால் எதிராளிக்கு ஒரு முறை உண்டு, அதில் நகர்ந்துகொள்ளலாம். உன்னோடு ஆடி எனக்கு அந்த முறை கிடைத்ததே இல்லை. இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். டிசம்பரில் வராதே.

சொன்னது ஒரு முறைக்குத்தான் செல்லும். மறுபடி வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும், நீதான் கேட்டு எழுதி வாங்கினாய்.

பட்டினி கிடக்காதே.

அக்கா